இடது பக்கச் சாவுகள்

பிப்ரவரி 12, புதன்

அண்ணா,

சனிக்கிழமை ஆன்லைன் துப்பாக்கி ஆட்டத்தில் தோற்றதும் நான் சொல்லாதவற்றை முதலில் எழுதிவிடுகிறேன்.

இடது பக்கத்தை விட்டுவிட்டு மேலே ஏறி வா என்று நீதானே சொன்னாய் என்று சொல்லவில்லை. அணியில் மற்ற மூன்று பேரும், டீச்சரும் தபால்காரரும் பேக்கரிக்காரனும், கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. எனக்கு அழுகை வருகிறது என்று நிச்சயமாகச் சொல்லவில்லை. ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அதற்குள்ளிருந்து உன் குரல் கொசு மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. கணினியை அணைத்தேன்.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. அடுத்த ரவுண்டை ஜெயித்து யார் பதின்மூன்றைத் தொடுகிறார்களோ அவர்களுக்கு ஆட்டம். நம் ஐந்து பேரில் நீயும் நானும் மட்டும் உயிரோடு. எதிரில் ஒரே ஒருத்தன். அவன் இடது பக்க இரும்புப் படியில் ஏறி வந்து உன் முதுகில் சுட்டான், அடுத்த நொடி என்னை. டீச்சர் "பரவால்ல, பரவால்ல" என்றார். தபால்காரர் பெருமூச்சு விட்டார். பேக்கரிக்காரன் எதையோ மென்றுகொண்டிருந்தான். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறந்திருப்பாய்: "காதுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா உனக்கு? ஒரு வருஷமா கத்துக்கற, இன்னும் அதே இடத்துல நிக்கற. உன்னை வெச்சுக்கிட்டு லீக் போட்டிக்குப் போனா சிரிப்பாங்க."

அதே இடத்தில்தான் நிற்கிறேன். பதினான்கு மாதமாக நடு ரேங்க். மேலேயும் போகவில்லை, கீழேயும் விழவில்லை. நான் சாதாரண ஆட்டக்காரி. என் கை இனிமேல் வேகமாகப் போவதில்லை. ஆனால் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களில் பிழை பார்த்துப் பிழைக்கிறவளுக்கு வேறொன்று வரும். ஒவ்வொரு ஆட்டத்தையும் பதிவு செய்து மறுநாள் பார்க்கிறேன். நான் செத்த இடத்தைப் பார்ப்பதில்லை, அதற்குப் பத்து நொடி முன்னால் போய் நிறுத்துகிறேன். தப்பு எப்போதும் அங்கேதான் இருக்கிறது. சுட்டது பிசகியதால் நான் செத்தது குறைவு. யாரும் பக்கத்தில் இல்லாதபோது எட்டிப் பார்த்ததால் செத்தது அதிகம். ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒரு தப்பை மட்டும் எடுத்துக்கொண்டு அதை மட்டும் திருத்துகிறேன். இது உனக்குத் தெரியாது. தெரியட்டும் என்று நான் நினைத்ததும் இல்லை.

ஆட்டப் பதிவில் யாருடைய கண் வழியாகவும் பார்க்கலாம், அவருக்குக் கேட்டிருக்க வேண்டிய சத்தத்தையும் கேட்கலாம். அந்தக் கடைசி ரவுண்டை உன் கண் வழியாகப் பார்த்தேன். இரும்புப் படியில் அவன் காலடி நான்கு நொடி கேட்கிறது. தெளிவாக, இடது காதில். "படி" என்று நானும் சொன்னேன். நீ திரும்பவே இல்லை.

லீக்குக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

*

பிப்ரவரி 14

ஏய் கண்ணாடி,

மெயிலா அது? பரீட்சைப் பேப்பர் திருத்தி அனுப்பின மாதிரி இருக்கு. சிவப்பு மை ஒண்ணுதான் பாக்கி.

சரி, கத்தினது தப்பு. எல்லார் முன்னாடியும் கத்தினது ரொம்பத் தப்பு. டீச்சர் தனியா கூப்பிட்டு எனக்கு ஒரு பீரியட் எடுத்துட்டாங்க. போதுமா?

ஆனா "படி"ன்னு நீ சொன்னது எனக்குக் கேக்கல. நீ பேசறது உன் சட்டைப் பாக்கெட்டுக்கே கேக்காது, எனக்கு எங்கேர்ந்து கேக்கும்? அது போகட்டும், என் பதிவை நீ எதுக்கு நோண்டற? உன் ஆட்டத்தைப் பாரு. அதுவே ஏழு ஜென்மத்துக்கு வரும்.

வேற ஆள் பார்த்தாச்சு. பேக்கரிக்காரன் அவன் மச்சானைக் கூட்டிட்டு வந்தான். மூணு ரவுண்டுல ரெண்டு தடவை நம்மாளையே சுட்டான். கேட்டா, "சாரி பிரதர், எல்லாரும் ஒரே மாதிரி இருக்கீங்க"ங்கறான். மார்ச் கடைசில லீக். வந்து சேரு.

அப்பா நல்லா இருக்கார்.

*

பிப்ரவரி 23, ஞாயிறு

அண்ணா,

வருகிறேன். அதற்கு முன்னால் நான் சொல்வதைக் கோபப்படாமல் கடைசிவரை படி.

உன் பதிவை நோண்டாதே என்றாய். நோண்டினேன். சென்ற ஜூலையிலிருந்து நாம் ஆடிய ஆட்டங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. அலுவலகம் முடிந்து வந்து ஒன்பது மாலைகள் உட்கார்ந்து பார்த்தேன். என் சாவுகளை எழுதும் நோட்டின் பின்பக்கத்திலிருந்து உன் சாவுகளை எழுதினேன்.

அக்டோபர் வரைக்கும் நீ எல்லாப் பக்கமிருந்தும் சாகிறாய், எல்லோரையும் போல. நவம்பரிலிருந்து நான்கில் மூன்று முறை இடது பக்கமிருந்து வருகிறவனிடம் சாகிறாய். வலது பக்கம் ஒருவன் செருப்பைத் தேய்த்தால்கூடச் சட்டென்று திரும்புகிறாய். இடது பக்கம் ஒருவன் ஓடியே வருகிறான், நீ சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய். இது ஆட்டத் தப்பு இல்லை. ஆட்டத் தப்பு இப்படி ஒரு மாதத்தில் தொடங்காது.

அண்ணா, உன் இடது காது கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

சிரிக்காதே. நீ லிப்ட் ரிப்பேர் செய்கிறவன். லிப்ட் குழிக்குள் இறங்கி நிற்கும்போது மேலேயிருந்து ஒருவர் "நகரு" என்று கத்துவார். அது எந்தப் பக்கம் கேட்டது என்று தெரியாமல் நீ ஒரு நொடி நின்றால் என்ன ஆகும் என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆட்டத்தில் அடுத்த ரவுண்டு உண்டு.

அழுக்கு அடைத்திருக்கலாம். போன மாதம்தான் ஒரு காதுச் சொட்டு மருந்தின் தாளைத் திருத்தினேன். ஒரு வாரத்தில் சரியாகிவிடுமாம். அப்படியே இருந்தால் நல்லது. உன் வீட்டிலிருந்து இரண்டாவது பேருந்து நிறுத்தத்தில் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் இருக்கிறார். வியாழன் ஐந்தரைக்கு உன் பெயரில் நேரம் வாங்கி வைத்திருக்கிறேன். போகாமல் இருந்தாயானால் நான் நேராக அப்பாவிடம் சொல்வேன். அப்பா என்னோடு பேசமாட்டார் என்பது தெரியும். உன் காது என்றால் பேசுவார்.

*

பிப்ரவரி 24

அடியே,

டாக்டர்கிட்ட எனக்கு அப்பாயின்ட்மென்ட்டா? வேற ஊர்ல உக்காந்துக்கிட்டு? உனக்குத் திமிர் ஜாஸ்தியாயிடுச்சு.

என் காது நல்லா இருக்கு. பக்கத்துத் தெருவுல பிஸ்கட் பாக்கெட் பிரிச்சா எனக்குக் கேக்கும். ஹெட்செட்டோட இடது பக்கத்தைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கறேன், அவ்வளவுதான். வாசல்ல யாராவது பெல் அடிச்சா கேக்கணும்ல. அதுக்குப் போய் ஒன்பது நாள் உக்காந்து ஆராய்ச்சி பண்ணிருக்க. வேலைவெட்டி இல்லையா?

வியாழக்கிழமையை கேன்சல் பண்ணு. அப்பாகிட்ட எதுவும் பேசாத. சனிக்கிழமை ஆறு மணி, மறக்காம வா.

*

பிப்ரவரி 26, புதன்

அண்ணா,

டாக்டரிடம் வாங்கிய நேரத்தை ரத்து செய்துவிட்டேன். காது நன்றாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஒன்பது நாள் வீண் போனதிலும் மகிழ்ச்சிதான்.

ஆனால் வாசல் மணி என்கிறாயே. நம் வீட்டுக்கு மாலை ஆறு மணிக்கு யார் வருகிறார்கள்? வந்தாலும் அப்பா முன்னறையில்தானே உட்கார்ந்திருப்பார். அவர் எழுந்து கதவைத் திறக்கமாட்டாரா?

நேற்று இன்னொன்று செய்தேன். என் கணினியில் பதிவானவற்றில் உங்கள் எல்லோர் குரலும் இருக்கிறது. படத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டேன். நவம்பருக்குப் பிறகு நீ அடிக்கடி மைக்கை அணைக்கிறாய். அணைக்கும் முன்னால் சில சமயம் ஒரு சத்தம் கேட்கிறது. உலோகத்தை உலோகத்தால் தட்டுவது போல. ஒரு முறை, அல்லது இரண்டு முறை. பிறகு நீ ஆட்டத்துக்குள் அப்படியே நிற்கிறாய். மூன்று நிமிடம், நான்கு நிமிடம். டிசம்பரில் ஒருநாள் நீ நின்ற இடத்திலேயே ஒருவன் வந்து சுட்டுவிட்டுப் போனான். நெட் போயிடுச்சு என்றாய். நெட் போனால் பேர் மறைந்துவிடும். உன் பேர் இருந்தது.

நவம்பரிலிருந்து அப்பா என்னோடு போனில் மூன்று முறை பேசியிருக்கிறார். இரண்டு முறை "ம்". ஒருமுறை "சரி". நான் அவர் பார்த்து வைத்த பள்ளிக்கூட ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்த கோபம் இன்னும் போகவில்லை என்று நினைத்தேன். அதனால் நானும் ஒன்றும் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அண்ணா, அப்பாவுக்கு என்ன?

*

மார்ச் 1

கண்ணாடி,

மூணு நாளா எழுதி எழுதி அழிச்சேன். போன்ல சொல்லலாம்னு பார்த்தேன். நீ அழுவ, பக்கத்து ரூம்ல அவருக்குக் கேக்கும். அதான் மெயில்.

அக்டோபர் கடைசில ஒருநாள் காலைல பல் தேய்க்கறப்ப பிரஷ் கைலேர்ந்து விழுந்துச்சு. குனிஞ்சு எடுக்கப் போனவர் அப்படியே உக்காந்துட்டார். மூளைல சின்ன அடைப்புன்னாங்க. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. வலது கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமா வருது. பேச்சுதான் ரொம்ப அடிபட்டுடுச்சு. சொல்ல வேண்டியது உள்ளே இருக்கு, வெளிய வர மாட்டேங்குது. உன்கிட்ட "ம்"னு சொன்னதுக்கு முன்னாடி அவர் எவ்வளவு நேரம் பழகிப் பார்த்தார்னு உனக்குத் தெரியாது. "சரி" வந்த அன்னிக்கு எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கொண்டாட்டம்.

பகல்ல கீழ் வீட்டு அக்கா பார்த்துக்கறாங்க. அஞ்சு மணிக்கு நான் வந்ததும் போயிடுவாங்க. குரல் எழும்பாததால கரண்டியால கட்டில் கம்பியைத் தட்டுவார். ஒரு தட்டுன்னா தண்ணி. ரெண்டுன்னா பாத்ரூம்.

உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னது அவர்தான். பேச்சே இல்லாத ஆள், இடது கையால எழுதிக் காட்டினார். ஏப்ரல்ல உன் வேலை நிரந்தரமாகுதுன்னு அவருக்குத் தெரியும். காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சிருக்கார். சொன்னா நீ எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வந்துடுவேன்னு பயம். எனக்கு மட்டும் கோபம் இருந்துச்சு. நீ அங்க நிம்மதியா இருக்க, நான் இங்க மாட்டிக்கிட்டேன்னு. அப்புறம் நீ எப்படிடி நிம்மதியா இல்லாம இருப்ப, உனக்குத்தான் ஒண்ணுமே தெரியாதேன்னு தோணும். அப்புறம் மறுபடி கோபம் வரும்.

ஏன் ஆடறேன்னு கேப்ப. சனி, புதன் அந்த ஒண்ணரை மணி நேரம் நான் கேப்டன். யாரையும் தூக்கி உக்கார வைக்க வேணாம். நீயும் அங்க இருப்ப.

இப்ப அந்த சனிக்கிழமை. பன்னிரண்டு பன்னிரண்டு இருக்கறப்ப ரெண்டு தட்டு கேட்டுச்சு. எழுந்திரிக்கணும். ஒரு நிமிஷம்தானே, இந்த ரவுண்டு முடியட்டும்னு உக்காந்துட்டேன். நீ "படி"ன்னு சொன்னது கேட்டுச்சு. காலடி கேட்டுச்சோ என்னமோ, எனக்கு ஞாபகமில்லை. நான் கட்டிலைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். அப்புறம் செத்தேன், உன் மேல கத்தினேன், உள்ள போனேன். அவர் தானே நடந்து போகப் பார்த்து, கதவுகிட்ட தரையில உக்காந்திருந்தார். வேட்டி நனைஞ்சிருந்துச்சு. என்னைப் பார்த்து பரவால்லன்னு கையைக் காட்டினார்.

உன்னைச் சொன்னதெல்லாம் என்னைச் சொல்லிக்கிட்டது.

வராத. ஏப்ரல் முடியட்டும்.

*

மார்ச் 6, வியாழன்

அண்ணா,

மேலதிகாரி அம்மாவிடம் போனேன். என் சொந்த விஷயத்தை அலுவலகத்தில் நான் பேசியதே இல்லை என்பது அவருக்குத் தெரியும். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"மூணு வாரமா? ஏப்ரல் லிஸ்ட்ல உன் பேர் இருக்கு. நடுவுல லீவுல போனா நான் பேசிப் பார்க்கலாம், ஆனா உறுதியா எதுவும் சொல்ல முடியாது. தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"அப்பா நல்லா பேசுவாரா முன்னாடி?"

"பள்ளிக்கூட பஸ் ஓட்டினார் மேடம். அறுபது பிள்ளைங்களை ஒரே சத்தத்துல உக்கார வைப்பார்."

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, தாளைத் தள்ளாமல் என் கையில் எடுத்துக் கொடுத்தார்.

பதினைந்தாம் தேதி காலை வருகிறேன். நீ வராதே என்று எழுதியதை மூன்று முறை படித்தேன். கடிதத்தில் அந்த ஒரு வரியில் மட்டும் உன் குரல் இல்லை.

நீ ஏமாற்றிவிட்டாய் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை என் கண்முன்னாலேயே நீ நின்று நின்று செத்திருக்கிறாய். என் தப்புகளின் மேலேயே குனிந்திருந்தேன். பக்கத்தில் நிற்கிறவனைப் பார்க்க இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

லீக் மூன்று ஞாயிறும் நான் அங்கே இருக்கும்போதே வருகிறது. பேக்கரிக்காரனின் மச்சானை ஐந்தாம் ஆளாகத் திரும்பக் கூப்பிடு. யாரைச் சுடக் கூடாது என்று டீச்சர் அவனுக்குச் சொல்லிக்கொடுப்பார். பாதி ஆட்டத்தில் ஆள் மாற்றலாம் என்று விதியில் இருக்கிறது. உன் நாற்காலியில் முதல் பாதி நீ, இரண்டாம் பாதி நான். நீ ஆடும்போது நான் அப்பாவோடு இருப்பேன். இரண்டு காதையும் மூடிக்கொண்டு ஆடு. நான் ஆடும்போது நீ அப்பாவோடு இரு. உன் இடத்தில் உட்கார்ந்து மற்றவர்களை நான் நடத்தியதே இல்லை. இருந்தாலும் உட்காருவேன்.

நான் வருவதை அப்பாவிடம் நீயே சொல். மறைக்காதே.

*

ஏப்ரல் 12

கண்ணாடி,

நீ போய் ஒரு வாரம் ஆகுது. உன் ரூமை அப்பா இன்னும் எட்டிப் பார்த்துட்டுத்தான் போறார்.

லீக் முடிவு போட்டுட்டாங்க. எட்டு அணியில நாம ஆறாவது. மூணுல ஒண்ணு ஜெயிச்சோம். அந்த ஒண்ணும் நீ உக்காந்திருந்த பாதியில வந்தது, அதை நான் எங்கேயும் சொல்லமாட்டேன், இங்க மட்டும் எழுதிக்கறேன். அந்தப் பதிவை நேத்து பார்த்தேன். உன் மாதிரி பத்து நொடி முன்னாடி போய்ப் போய்ப் பார்த்தேன். நீ யாரையும் பிரமாதமா ஒண்ணும் சுடல. ஆனா உன் பக்கத்துல நின்னவங்க யாரும் தனியா சாகல. மச்சான் செத்தா மறு நொடி நீ அங்க இருக்க. தபால்காரர் எட்டிப் பார்த்தா பின்னாடி நீ இருக்க. "படி ரெண்டு, ஒருத்தன் அடிபட்டவன்", அவ்வளவுதான் பேசற, அப்புறம் வாயை மூடிக்கற. நான் கத்திக் கத்தி ஒரு வருஷமா நடத்தினதை நீ முணுமுணுத்தே நடத்தியிருக்க.

டீச்சர் இனிமே நீதான் கேப்டன்ங்கறாங்க. யோசிக்கறேன்னு சொன்னேன். நீ சரின்னு சொல்லிடு.

இன்னொரு விஷயம். அப்பாவைப் பக்கத்துல உக்கார வெச்சு உன் ஆட்டத்தைப் போட்டுக் காட்டினேன். அரை மணி நேரம் பார்த்துக்கிட்டே இருந்தார். திடீர்னு திரையைக் காட்டி, "இவ... ஏன்... குண்டு... நிரப்பிக்கிட்டே... இருக்கா?"ன்னார். அஞ்சு மாசத்துல அவர் பேசின பெரிய வாக்கியம் இதுதான். அதுவும் உன்னைக் குறை சொல்லி. ஒருத்தனைச் சுட்டதும் உடனே நிரப்பற, அந்த நேரத்துல அடுத்தவன் வந்துடறான். நான் கவனிச்சதே இல்லை. அவர் சொல்றது சரிதான்.

*

மே 8, வியாழன்

அண்ணா,

நேற்று போனில் சொல்லாததை எழுதுகிறேன். அப்பா பக்கத்தில் இருந்தார் என்பதால் சொல்லவில்லை, அது தப்பு. நீ படித்துவிட்டு அவரிடம் சொல்லிவிடு.

என் வேலை நிரந்தரமாகவில்லை. மேலதிகாரி அம்மா பேசிப் பார்த்திருக்கிறார். மேலும் ஆறு மாதம் பார்க்கிறோம் என்று கடிதம் கொடுத்திருக்கிறார்கள். கடிதத்தில் இரண்டு பிழை இருந்தது. திருத்திக் கொடுக்கலாமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார், நானும் சிரித்தேன். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன். போனது பெரிய விஷயம்தான். மூன்று வாரம் அங்கே இருந்ததும் பெரிய விஷயம். இரண்டில் எது பெரியது என்று நான் பார்க்கப் போவதில்லை. அக்டோபரில் பதினைந்து நாள் விடுப்பு உண்டு, வருவேன். நடுவில் ஏதாவது என்றால் அன்றைக்கே சொல்ல வேண்டும், இரண்டு பேரும்.

புதன்கிழமை மாலைகளில் அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி என்று நீ எழுதியதைக் குழுவில் சொன்னேன். புதனுக்கு உன் இடத்தில் மச்சானைப் போடலாமா என்று பேக்கரிக்காரன் கேட்டான். பிறகு தபால்காரர், "அவர் வரட்டும், அதுவரைக்கும் நாம நாலு பேரே ஆடுவோம்" என்றார்.

நேற்று நீங்கள் இருவரும் பேச்சுப் பயிற்சிக்குப் போயிருந்த நேரத்தில் ஐந்து பேருக்கு எதிராக நாங்கள் நான்கு பேர் ஆடினோம். பதின்மூன்றுக்கு மூன்று. தோற்றோம்.